ஒரே கிராங்க், பல வண்டி
வடசென்னைத் தொழில் வரலாறு – தொடர் 17

சென்ற இதழில் ராயபுரம் ரயில் நிலையத்தையும் துறைமுகத்தையும் சுற்றி வந்தோம். அங்கிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போவோம். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். இந்த ஒரே சாலையில் லாரி செய்தார்கள், மோட்டார் சைக்கிள் செய்தார்கள், டயர் செய்தார்கள், எஞ்சினுக்கான இரும்பை உருக்கி வார்த்தார்கள். வண்டிக்கு வேண்டியவற்றில் முக்கால்வாசி, ஆலைச் சங்கு கேட்கும் தூரத்துக்குள்ளேயே உருவாயிற்று.

இந்த ஆலைகளின் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் வண்டிகளின் பெயரை வரிசைப்படுத்திப் போவார்கள். கோமெட், டைட்டன், வைக்கிங், புல்லட், தண்டர்பேர்ட், கிளாசிக். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருந்த எஞ்சின்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு எஞ்சினை வைத்துப் பல வண்டிகளைச் செய்து எப்படி ஆலைகள் பிழைத்தன, எங்கே அந்தக் கணக்கு தப்பிப்போனது, மிச்சமான பணம் யார் கைக்குப் போனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாப் தொழிலதிபர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். நவீனத் தொழில் ஒன்றில் இறங்கும்படி நேரு தூண்டியதால் வந்தவர். மகனின் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார். அலுவலகம் இன்றைய ராஜாஜி சாலையில், ஆலை எண்ணூரில். இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி இங்கே பூட்டுவது முதல் வேலை. 1949-ல் முதல் கார் வெளியே வந்தது.

அந்தக் காரின் எஞ்சின் 1,200 சிசி. பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், மூன்றரை அங்குலம். 1952-ல் இங்கிலாந்தில் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. ஆளுக்கொரு எஞ்சின் செய்து பணத்தைக் கரைப்பதை விட்டு, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று எஞ்சின் வரிசைகளோடு காலம் தள்ளுவது என்று முடிவாயிற்று. நடுத்தர வரிசை ஏ40 எஞ்சினின் வழியில் வந்தது. சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டி 1,489 சிசி ஆக்கினார்கள்; ஸ்ட்ரோக் அதே மூன்றரை அங்குலம். அந்த 1,489 சிசி எஞ்சின்தான் பிறகு கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடருக்குள் போய், நாடு முழுக்க அமைச்சரையும் கல்யாண மாப்பிள்ளையையும் ஏற்றிச் சென்றது. இங்கிலாந்தில் எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காருக்காக விட்டத்தை இன்னும் கூட்டி 1,798 சிசி ஆக்கினார்கள். அப்போதும் ஸ்ட்ரோக் மூன்றரை அங்குலம்.

ஏன் அந்த மூன்றரை அங்குலத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்?

எஞ்சின் செய்வதில் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சிலிண்டர் பிளாக்கை மணல் அச்சில் வார்க்க வேண்டும். அதற்கு மாதிரிக்கட்டை, உள்ளே நீர் ஓடும் வழிகளுக்கு மணல் கோர். வார்த்து ஆறியபின் வரிசையாக நிற்கும் எந்திரங்கள் மேல்முகத்தைச் சீவி, சிலிண்டர்களைக் குடைந்து, போல்ட் துளைகளைப் போட்டு, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் உட்காரும் இடத்தை நேர்கோட்டில் துளைக்கும். அந்த எந்திரங்கள் ஒரு குறிப்பிட்ட பிளாக்குக்கென்றே அமைக்கப்பட்டவை. கிராங்க்ஷாஃப்ட்டுக்குத் தனியாக ஃபோர்ஜிங் அச்சு, பிறகு தேய்க்கும் எந்திரம், பிறகு பேலன்ஸ் பார்க்கும் எந்திரம். ஸ்ட்ரோக்கை மாற்றினால் கிராங்க்கின் அச்சு மாறும். அதோடு பிளாக்கின் உயரமோ கனெக்டிங் ராடின் நீளமோ மாறும். ஒன்றைத் தொட்டால் ஐந்தைத் தொட வேண்டும். விட்டத்தை மட்டும் மாற்றினால் குடையும் கருவியும் பிஸ்டனும் மாறினால் பெரும்பாலும் போதும். எஞ்சினியர்கள் ஸ்ட்ரோக்கைத் தொடாமல் விட்டத்தில் விளையாடுவதற்குக் காரணம் இதுதான். இந்த அத்தியாயம் முழுக்க இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு புது எஞ்சினை வரைந்து, சோதித்து, அச்சும் எந்திரமும் வாங்கி முடிக்க 100 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் வண்டி விற்றால் ஒவ்வொரு வண்டியின் தலையிலும் 10,000 ரூபாய் விழும். அதே எஞ்சினை நாலைந்து மாடல்களில் போட்டு 10 லட்சம் விற்றால் 1,000 ரூபாய்தான். டெட்ராய்ட்டிலும் டொயோட்டா நகரிலும் இந்தக் கணக்கு லாபத்தைப் பெருக்கும் வழி. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அது உயிர் பிழைக்கும் வழி. ஏனென்றால் இங்கே ஒரு ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை வாங்குபவர்கள் தீர்மானிக்கவில்லை, டெல்லி கொடுத்த லைசென்ஸ் தீர்மானித்தது. எண்ணிக்கையைக் கூட்ட முடியாதவனுக்கு எஞ்சினின் வகையைக் குறைப்பது ஒன்றுதான் கைவசம் இருந்த வழி.

1953-ல் சுங்க ஆணையத்தின் அறிக்கை வந்தது. வெளிநாட்டுப் பெட்டிகளை இறக்கிப் பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் நீடிக்கலாம் என்று அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எண்ணூர் அதற்கு முன்பே திசை மாறத் தொடங்கியிருந்தது. லாரிகளுக்காக இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு சரண் பேசிக்கொண்டிருந்தார். விமான விபத்து ஒன்றில் அவர் மறைந்தார். மெட்ராஸ் அரசும் மற்ற பங்குதாரர்களும் முன்கை எடுத்து லேலண்டோடு ஒப்பந்தத்தை முடித்தார்கள். சில ஆண்டுகளில் லேலண்ட் பங்குதாரராகவே உள்ளே வந்தது. நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. கார் போய் கோமெட் லாரி வந்தது.

கோமெட்டில் இருந்தது ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். லேலண்ட் தன் எஞ்சின்களுக்குக் கன அங்குலத்தையே பெயராக வைத்தது. 350 என்றால் ஏறக்குறைய 350 கன அங்குலம், நம் கணக்கில் 5.7 லிட்டர். பிறகு 370 வந்தது, 400 வந்தது. 400 என்பது 6.5 லிட்டர். இந்த மூன்றிலும் ஸ்ட்ரோக் நாலேமுக்கால் அங்குலம். விட்டம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு போனது. ஒரே குடும்பம், அண்ணன் தம்பிக்குள் ஒரு சுற்று பருமன் வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்தக் குடும்பம் எங்கெல்லாம் வேலைக்குப் போயிற்று என்று பார்த்தால்தான் எண்ணூரின் பொருளாதாரம் புரியும். அதே எஞ்சின் லாரியில் நெல் மூட்டை ஏற்றியது. பஸ் சேசியில் ஏறி மாநிலப் போக்குவரத்துக் கழகங்களின் வண்டியாக ஊர் ஊராக ஓடியது. அதே எஞ்சினைச் சட்டத்தில் உட்காரவைத்து ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் ஜெனரேட்டர் செட். லாரியில் அது வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும். ஜெனரேட்டரில் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று ஒரே சீராக ஓட வேண்டும், அப்போதுதான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை அதற்கேற்ப அமைத்தால் போதும். பிளாக், கிராங்க், பிஸ்டன் எதுவும் மாறாது.

இதில் என்னைக் கவர்ந்தது கடலுக்குப் போன எஞ்சின்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே லேலண்ட் என்ற பெயர் எத்தனை சகஜம் என்று. லாரி எஞ்சினைப் படகுக்கு மாற்றுவது எப்படி? லாரியில் ரேடியேட்டர் முன்னால் நிற்கும், ஓடும் காற்றும் ஃபேனும் அதைக் குளிர்விக்கும். படகின் அடித்தளத்தில் காற்று ஏது? அதனால் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரை வைப்பார்கள். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும். இன்னொரு பம்ப் கடல்நீரை இழுத்து, குழாய்களின் மறுபக்கம் ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளும். உப்புநீர் பிளாக்கைத் தொடவே கூடாது. தொட்டால் இரும்பு அரித்துப்போகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் தண்ணீர்ச் சட்டை போடுவார்கள், மூடிய அறைக்குள் அது பழுக்கக் காய்ந்தால் ஆபத்து. லாரியின் கியர்பாக்ஸ் போய், முன்னும் பின்னும் சுற்றவும் வேகத்தைக் குறைத்து புரொப்பெல்லருக்குக் கொடுக்கவும் மரைன் கியர் வரும். இவ்வளவு மாற்றமும் எஞ்சினுக்கு வெளியே. உள்ளே அதே லாரி எஞ்சின்.

கடலில் ஒரு வாரம் தங்கும் படகுக்கு எஞ்சின் நின்றுபோவது சாதாரணக் கஷ்டம் இல்லை, உயிர்க் கஷ்டம். லாரிக்கு விற்கும் அதே பிஸ்டன், அதே லைனர், அதே ஹெட் கேஸ்கெட் படகுக்கும் பொருந்தியதால், படகுக்கென்று அபூர்வச் சாமானைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. லாரிப் பட்டறையில் கை பழகிய மெக்கானிக் படகிலும் இறங்கினார். ஆலை தன் செலவைக் குறைக்கச் செய்த ஒரு காரியம், கடலோரக் குடும்பத்தின் செலவையும் குறைத்தது. எஞ்சின் பகிர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் கம்பெனிக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது கணக்கு அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

1980-களில் அசோக் லேலண்ட் ஜப்பானின் ஹினோ நிறுவனத்தோடு சேர்ந்து அடுத்த எஞ்சின் குடும்பத்தைக் கொண்டுவந்தது. இங்கே பகிர்வு இன்னொரு படி மேலே போயிற்று. சிலிண்டர் விட்டம் 104 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 113. ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 960 சிசி. நான்கு சிலிண்டர் வைத்தால் 3,839 சிசி, அது ஈகோமெட் போன்ற நடுத்தர லாரிகளுக்கு. ஆறு சிலிண்டர் வைத்தால் 5,759 சிசி, அது பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும். ராணுவத்தின் ஸ்டாலியன் வண்டியும் இந்த ஆறு சிலிண்டரில்தான் பனிமலை ஏறுகிறது. நாலுக்கும் ஆறுக்கும் ஒரே பிஸ்டன் அளவு. பிஸ்டன் செய்கிறவருக்கும் ஸ்டாக் வைக்கிறவருக்கும் இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

பக்கத்தில் செம்பியத்தில் சிம்சன் நிறுவனமும் இதே தர்மத்தில் வாழ்ந்தது. இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களை உரிமம் பெற்றுச் செய்து, குழுமத்தின் டாஃபே டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மற்ற எந்திரங்களுக்கும் கொடுத்தது. சிம்சனுக்கு ஒரு தனி அத்தியாயமே வேண்டும். இப்போது திருவொற்றியூருக்குத் திரும்புவோம்.

1950-களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று இந்திய அரசு கேட்டது. அந்தப் பெரிய ஆர்டரின் தொடர்ச்சியாக 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. முதலில் பெட்டிச் சாமானைப் பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1960-களின் தொடக்கத்தில் வண்டி முழுக்கவே இங்கே செய்யப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி அடியோடு நின்றது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

புல்லட்டின் எஞ்சின் அளவைப் பாருங்கள். 350-க்கு விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. 500-க்கு விட்டம் 84, ஸ்ட்ரோக் அதே 90. ரெட்டிச்காரர்கள் 1950-களிலேயே போட்ட கணக்கு. லேலண்ட் ஒரே எஞ்சினைப் பல தொழில்களுக்குப் பகிர்ந்தது என்றால், என்ஃபீல்டு ஒரே எஞ்சினைப் பல பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்தது. 1955-ல் வடிவம் உறைந்துபோனது. இரும்பு சிலிண்டர், தனி கியர்பாக்ஸ், வலது காலில் கியர். ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே டீகம்ப்ரஸர் லீவரை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கிக்கரை உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். அப்பா ஓட்டிய வண்டியின் பழக்கம் அப்படியே மகனுக்கு வந்தது. அப்பா வண்டிக்கு வாங்கிய கனெக்டிங் ராடு மகன் வண்டிக்கும் பொருந்தியது.

சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அந்த வேலையை நின்று பார்த்திருக்கிறேன். சிலிண்டரை எந்திரத்தில் இறுக்கி, டயல் கேஜை உள்ளே விட்டுச் சுற்றி முள் ஆடுகிறதா என்று பார்ப்பார் மேஸ்திரி. முள் அசையாமல் நிற்கும்வரை சிலிண்டரைத் தட்டித் தட்டி நேர்ப்படுத்துவார். பிறகுதான் கருவி இறங்கும். குடைந்து முடிந்ததும் ஹோனிங். உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும். எண்ணெய் தங்குவதற்கான கீறல்கள் அவை. இந்த அறிவுக்கு ஆலையில் சம்பளம் இல்லை, பயிற்சிக் கட்டணமும் இல்லை. வடிவம் மாறாததால் தெருவில் தானாகவே வளர்ந்தது.

ஆனால் ஒரே புல்லட்டை வைத்து வளர முடியாது என்பது என்ஃபீல்டுக்குத் தெரிந்திருந்தது. 1960-களில் வில்லியர்ஸ் நிறுவனத்தின் 173 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்து, ஃபேன்டாபுலஸ் என்ற ஸ்கூட்டரிலும் ஷெர்பா என்ற சிறிய மோட்டார் சைக்கிளிலும் போட்டார்கள். ஷெர்பா பிறகு க்ரூசேடர் ஆயிற்று. 1980-களில் ஜெர்மனியின் சுன்டாப் வழியில் வந்த 50 சிசி எஞ்சினை வைத்து எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று இரண்டு வண்டிகள், ராணிப்பேட்டை ஆலையில். கணக்கு சரி. ஆனால் ஜப்பான் கூட்டில் வந்த 100 சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் சந்தையைத் துடைத்தெடுத்தபோது, பகிர்ந்துகொள்ளப்பட்ட எஞ்சினே பின்தங்கியதாக இருந்ததால் பகிர்ந்த வண்டிகள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. பகிர்வில் உள்ள அபாயம் இதுதான். எஞ்சின் ஒன்றானால் விதியும் ஒன்றாகிவிடும்.

டீசல் புல்லட்டை மறந்துவிடக் கூடாது. 1990-களில் கம்பெனியே விற்றது. உள்ளே இருந்தது கிரீவ்ஸ் செய்த 325 சிசி டீசல் எஞ்சின். இத்தாலியின் லொம்பார்டினி வடிவம், வயலிலும் மூன்று சக்கர வண்டியிலும் உழைத்துப் பழகிய வகை. ஆறரை குதிரைத்திறன்தான். வேகம் கிடையாது, அதிர்வு உண்டு, ஆனால் எரிபொருள் செலவில் அதை வெல்ல மோட்டார் சைக்கிள் இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் போய்வந்த பால் வியாபாரிக்கும் துணி வியாபாரிக்கும் அது லாபம். மாசு விதிகள் இறுகியதும் போய்விட்டது.

இனி கணக்கு தப்பிய கதைக்கு வருவோம். அதற்கு நகரின் தெற்கு முனைக்குப் போக வேண்டும். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், ஹெரால்டும் கஸலும் செய்து மெட்ராஸுக்குப் பெயர் வாங்கித் தந்த ஆலை. அதன் தாய்க் கம்பெனி, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1940-களின் இறுதியில் ஓர் அருமையான எஞ்சினைச் செய்தது. ஸ்ட்ரோக் 92 மில்லிமீட்டர். விட்டம் 80 வைத்து 1,850 சிசி ஆக்கி ஃபெர்குசன் டிராக்டரில் போட்டார்கள். 85 வைத்து 2,088 சிசி ஆக்கி வான்கார்ட் காரில் போட்டார்கள். 83 வைத்து 1,991 சிசி ஆக்கி டிரயம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் போட்டார்கள். சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை என்பதால் லைனரையும் பிஸ்டனையும் மாற்றினாலே எஞ்சினின் அளவு மாறிவிடும். உழவுக்கும் குடும்பத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே எஞ்சின். எஞ்சின் பகிர்வின் வரலாற்றில் இதைவிட அழகான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

சென்னையில் இந்த 1,991 சிசி எஞ்சின் ஸ்டாண்டர்ட் 20 என்ற வேனில் உழைத்துக்கொண்டிருந்தது. 1985-ல் நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய வடிவம், இங்கிலாந்தில் வி8 எஞ்சினோடு ஓடியது. புது எஞ்சினுக்குச் செலவழிக்க வழியில்லாததால் வேனின் எஞ்சினையே அந்தக் கம்பீரமான உடம்புக்குள் வைத்தார்கள். ஏறக்குறைய 40 ஆண்டு முன்பு வரைந்த எஞ்சின், கனமான கார், உயர்ந்த விலை. பெட்ரோலைக் குடித்தது, இழுவை போதவில்லை. அதே சமயம் மாருதி 800 சாலைக்கு வந்துவிட்டது. 1988-ல் உற்பத்தி நின்றது. அந்த நிறுவனம் கார் செய்வதற்குத் திரும்பவே இல்லை. நல்ல எஞ்சின்தான், அது பிறந்த காலத்தில். மிச்சம்பிடித்த பணம் வாங்குபவனின் கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் கை வைத்தார்கள், ஆலையே போயிற்று. அங்கே வேலை பார்த்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

என்ஃபீல்டும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. 1990-களில் ஐஷர் குழுமம் உள்ளே வந்தது, பெயர் ராயல் என்ஃபீல்டு ஆயிற்று. 2000-ல் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். பழைய இரும்பு எஞ்சின் ஒரு பக்கம்; ஆஸ்திரியாவின் ஏவிஎல் உதவியோடு செய்த அலுமினிய எஞ்சின் இன்னொரு பக்கம். ஆண்டுக்கு முப்பதாயிரம் வண்டிகூட விற்காத ஆலைக்கு இரண்டு வகை எஞ்சின்! மேலே போட்ட 100 கோடிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 3 மாசு விதி வருகிறது, இரும்பு எஞ்சினால் தாண்ட முடியாது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டுக்குள் வைத்த புது எஞ்சினைச் செய்தார்கள். 2008-ல் தண்டர்பேர்டில் வந்தது; 2009-ல் கிளாசிக்; அடுத்து எலெக்ட்ரா, புல்லட். 350-க்கு விட்டம் 70, 500-க்கு 84, இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 90. ரெட்டிச் அளவுகளை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றவில்லை. மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள். 2010-ல் விற்பனை சுமார் 50,000. 2014-ல் 3 லட்சம். இடையில் ஒரகடத்தில் புது ஆலை எழும்பியது. ஒரே எஞ்சினுக்குப் பல உடம்பு என்ற பழைய திருவொற்றியூர் வித்தைதான். ஸ்டாண்டர்ட் 2000-க்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இவர்கள் முதலில் எஞ்சினில் பணத்தைப் போட்டார்கள், பிறகு அதைப் பங்கிட்டார்கள்.

2020-ல் அடுத்த தலைமுறை. 72 விட்டம், 85.8 ஸ்ட்ரோக், 349 சிசி. மீட்டியார், கிளாசிக், ஹன்டர், புல்லட் நான்கிலும் அதே எஞ்சின், அதே 20 குதிரைத்திறன். ஃப்ரேம், சக்கரம், உட்காரும் நிலை, எஞ்சினின் டியூனிங் மாறும்போது வண்டியின் குணமே மாறிவிடுகிறது. ஹன்டரை ஓட்டியவர் புல்லட்டில் ஏறினால் வேறு கம்பெனி வண்டி என்று நினைப்பார். 648 சிசி இரட்டைச் சிலிண்டரும் அப்படியே, இன்டர்செப்டரில் தொடங்கி ஷாட்கன்வரை. 2023-ன் ஹிமாலயனுக்குள் இருக்கும் 452 சிசி எஞ்சினுக்கு ஷெர்பா என்றே பெயர் வைத்து, பிறகு கெரில்லாவிலும் போட்டார்கள்.

இதற்கு முன்பே, 2010-ல், இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர் துறைமுகத்திலிருந்து நிசான் கார்கள் கப்பலேறத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் ஒரே கூரையின் கீழ் செய்த மைக்ராவும் பல்ஸும், சன்னியும் ஸ்காலாவும், டஸ்டரும் டெரானோவும் ஒரே 1,461 சிசி டீசல் எஞ்சினைப் பகிர்ந்துகொண்டவை. ஏ40 பெட்டிகள் வந்து இறங்கிய எண்ணூரிலிருந்து கார்கள் வெளியே போகின்றன.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று என்னை உறுத்துகிறது. லேலண்டின் 400 எஞ்சினும் இரும்புப் புல்லட்டும் பகிரப்பட்டபோது, ஆலையின் சேமிப்பில் ஒரு பங்கு தெருவுக்கும் வந்தது. ஒரு எஞ்சினைக் கற்றுக்கொண்ட பையன் பத்து வண்டிக்கு வைத்தியன் ஆனான். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் எஞ்சினைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. எரிபொருளைப் பீய்ச்சுவதும் தீப்பொறி விழுவதும் அதன் கணக்கு. காற்று சுத்தமாவதற்கு அது அவசியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கோளாறு என்ன என்று கேட்க ஸ்கேனர் வேண்டும், அதன் முழு மொழியும் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது. நான்கு மாடலுக்கு ஒரே எஞ்சின் என்றால், நான்குக்கும் ஒரே கையேடு, ஒரே ஸ்கேனர் மென்பொருள். அதைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பட்டறைக்கும் நியாயமான விலைக்குக் கொடுப்பதில் கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. அது சட்டமாகி, பட்டறையின் மேஜைவரை வர வேண்டும். டயல் கேஜின் முள்ளை அசையாமல் நிறுத்தத் தெரிந்த மேஸ்திரிக்கு ஸ்கேனர் படிப்பது ஒரு வாரப் பாடம்.

அடுத்த இதழில் எண்ணூர் ஃபவுண்டரிக்குள் போவோம். அசோக் லேலண்டின் பிளாக்குகளை வார்த்த உலைகளும், அவற்றின் முன்னால் நின்றவர்களும்.